மலையில் வேகாத மொச்சை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்ப் பயணத்தில், 278 மீட்டர் உயரத்திலுள்ள நகரை விட்டு 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஊரை அடைந்துவிடுகின்றோம். வழியில் காது அடைப்பதும் மேலே சென்றதும் குளிர் தாக்குவதும் யாவரும் அறிந்தவை. ஆனால் சேலம் கடைவீதியில் வாங்கிப் பையில் கொண்டுவந்த மொச்சைக்கொட்டைக்கும் இந்த ஏற்றம் ஒரு சோதனையாகிவிடுகின்றது என்பதை அறிந்தவர், அடுப்படியில் நிற்கும் பெண்மணி ஒருவர்தாம்.

கீழ்நாட்டிலிருந்து மணமாகி மலைக்கு வரும் பெண், தாய்வீட்டில் செய்த அதே முறையில் இரவு படுக்கும் முன் மொச்சையை ஊறவைக்கின்றாள். காலையில் அடுப்பேற்றுகின்றாள். சமவெளியில் முக்கால் மணி நேரத்தில் மசிந்த கொட்டை இங்கு ஒன்றேகால் மணி நேரமாகியும் விரலிடையில் நசுங்க மறுக்கின்றது. "கைப்பக்குவம் போதாது" என்ற சொல் எப்படியோ காதில் விழுந்துவிடும். நோன்பு மாதமெனில் கேட்கவே வேண்டாம். அஸருக்குப் பின் ஏற்றிய சுண்டல், மஃரிப் பாங்கு ஒலிக்கும் வேளையிலும் கல்லாகக் கிடந்தால், வீட்டார் அனைவர் பார்வையும் அவள் மீதே. இதில் குற்றம் யாருடையது? தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: பெரும்பாலும் அவளுடையதன்று. விதையின் உடலமைப்பும், மலையின் குளிரும், காற்றின் அழுத்தமும், கடைக்காரரின் கிடங்கும் சேர்ந்து செய்யும் வேலை அது.

விதைக்கு வாய் எங்கே?

ஒரு மொச்சைக்கொட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் ஒரு விளிம்பில் வெண்மையான நீண்ட கோடு ஒன்று, சேவலின் கொண்டைபோலச் சற்றே எழுந்து நிற்கும். காய்க்குள் இருந்தபோது தாய்ச்செடியோடு விதை ஒட்டியிருந்த இடம் அது; நம் தொப்புளுக்கு நிகரானது. தாவர நூலார் இதனை விதைத்தழும்பு என்பர். அதன் ஒரு முனையில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்துளை ஒன்று உண்டு. மறுமுனைக்கு அப்பால், விதையுறை சற்று மெலிந்த சிறு மேடு ஒன்று உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் 'லென்ஸ்' என்று பெயர். காய்ந்த பயறு நீரில் விழுந்ததும் முதலில் நீர் நுழைவது பெரும்பாலும் இம்மூன்று வாயில்களின் வழியேதான். உடலெங்கும் ஒரே சீராக நீர் ஊறுவதாக நாம் எண்ணிக்கொண்டிருப்பது சரியன்று. காய்ந்த கொட்டையை வெதுவெதுப்பான நீரில் இட்டு உற்றுப் பார்த்தால், விதைத்தழும்பின் ஓரத்திலிருந்து குண்டூசித் தலையளவு காற்றுக் குமிழிகள் வெளிவருவதைக் காணலாம். பிள்ளைகளை அருகில் அமர்த்திக் காட்டத் தக்க காட்சி இது.

'லென்ஸ்' என்ற சொல்லைச் சொன்னதும் அரபிப் பாடம் நடத்துபவனுக்கு ஒன்று நினைவுக்கு வராமல் போகாது. இலத்தீனில் அச்சொல்லுக்குப் பொருளே பருப்பு வகையாகிய மைசூர்ப் பருப்புதான். அதன் இருபுறமும் புடைத்த வடிவத்தைக் கண்டே கண்ணாடி வில்லைக்கு அப்பெயரை இட்டனர். அரபியிலும் அவ்வாறே: மைசூர்ப் பருப்பு 'அதஸ்', கண்ணாடி வில்லையும் கேமராவின் வில்லையும் 'அதஸா'. இரு மொழியாரும் அடுக்களையிலிருந்தே அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டனர்.

இனி உறைக்கு வருவோம். பயறின் மேலுறையில், வேலிக்கம்புகளை நெருக்கி நட்டாற்போல நீண்ட செல்கள் ஒரு வரிசையாக நிற்கின்றன. அவற்றின் சுவர் தடித்தது. மேற்புறத்தில் மெழுகுப் பூச்சும் உண்டு. இந்த வேலி நெருக்கமாக இருக்கும்வரை நீர் உட்புகுவது கடினம். வெள்ளைக் கொண்டைக்கடலையின் உறை மெல்லியது. ஆதலால் அது விரைவில் ஊறுகின்றது. கறுப்புக் கொண்டைக்கடலையின் உறை தடித்தது, மெதுவாக ஊறுகின்றது. உறை நீங்கிய துவரம்பருப்பும் பாசிப்பருப்பும் வேலியே இல்லாத தோட்டங்கள். அரைமணியில் நீரை வாங்கிக்கொள்ளும்.

ஊறத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் மொச்சையின் தோல் சுருங்கிச் சுருக்கம் விழுவதைப் பலரும் கண்டிருப்பர். நீரில் கிடப்பது ஏன் சுருங்க வேண்டும்? உண்மையில் அது சுருங்கவில்லை. உறை நீரைக் குடித்து முதலில் விரிந்துவிட்டது. உள்ளேயுள்ள இரு பருப்புகள் இன்னும் விரியவில்லை. தம்பியின் உடலில் அண்ணனின் சட்டையை மாட்டியதுபோல் தோல் தொளதொளத்து நிற்கின்றது. பின்னர் பருப்பு மெல்ல நீரை வாங்கிப் பருக்க, சுருக்கம் மறைந்து தோல் விம்மி வழவழப்பாகும். சுருக்கம் முழுதும் மறையாத கொட்டை இன்னும் ஊறி முடியவில்லை என்று பொருள். கடிகாரத்தைப் பார்ப்பதைவிடத் தோலைப் பார்ப்பது மேல்.

சேலம், தருமபுரிப் பகுதிகளில் மார்கழி, தை மாதங்களில் மணக்கும் பிதுக்குப் பருப்புக் குழம்பின் இரகசியமும் இதுவே. நன்கு ஊறிய மொச்சையில் தோலுக்கும் பருப்புக்கும் இடையே உள்ள பற்று நெகிழ்ந்துவிடுவதால், இரு விரலால் அழுத்தியதும் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே தெறிக்கின்றது. சேர்வராயன் மலையில் சாமை, தினை, கேழ்வரகோடு அவரை, மொச்சை, துவரை ஆகியவற்றையும் பயிரிட்டு வாழும் மலையாளி மக்களும் இவ்வகைப் பயறுகளையே நெடுங்காலமாக உண்டு வருகின்றனர். (மலையாளி என்றதும் கேரளத்தவர் என்று கொள்ள வேண்டாம். இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்பது இவர்களது மரபுக் கதை.)

உயிரற்றதும் குடிக்கும்

விதை நீரை உறிஞ்சுவது உயிர் செய்யும் செயல் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறன்று. முளைக்கும் ஆற்றலை இழந்துவிட்ட பழைய விதையும் நீரைக் குடித்து அதே போல் பருக்கும். காய்ந்த மரக்கதவு மழைக்காலத்தில் உப்பி நிலைப்படியில் சிக்கிக்கொள்வதைப் போன்றதே இதுவும். பயறில் நிறைந்துள்ள புரதமும் மாவுப்பொருளும் செல்சுவரின் நார்ப்பொருளும் நீரைத் தம்பால் ஈர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. கடையில் வாங்கும் காய்ந்த பயறில் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு ஈரமே இருக்கும். முழுதும் ஊறியபின் தன் எடையளவு நீரை அது வாங்கியிருக்கும். நூறு கிராம் கொண்டைக்கடலை ஏறத்தாழ இருநூறு கிராமாகிவிடும். தராசு உள்ள வீட்டில் இதுவே சிறந்த சோதனை.

இந்த உறிஞ்சலின் வலிமை வியக்கத்தக்கது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் 1727இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு சோதனையை விவரித்துள்ளார். இரும்புப் பானையில் பட்டாணியையும் நீரையும் நிரப்பி, ஈயமூடியிட்டு, அதன்மேல் 184 இராத்தல் எடையை ஏற்றினார். ஊறிப் பருத்த பட்டாணி அவ்வளவு எடையையும் மேலே தூக்கிவிட்டது. நம் கணக்கில் எண்பது கிலோவுக்கும் மேல். வளர்ந்த ஓர் ஆளின் எடை! குறுகிய வாயுள்ள பாட்டிலில் கடலையை நிரப்பி ஊறவைத்து மூடிவிட வேண்டாம் என்று பெரியவர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

நீர் ஏறுவது ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. முதல் சில மணி நேரத்தில் விரைவு, பிறகு தளர்வு, கடைசியில் ஏறக்குறைய நின்றுவிடும். இவ்வோட்டத்தைக் கணக்கிட இரண்டே மாறிலிகள் கொண்ட எளிய சூத்திரம் ஒன்றைப் பெலெக் என்ற உணவியல் அறிஞர் 1988இல் வெளியிட்டார். இன்றும் பயறு ஊறுதலை ஆராய்வோர் அதையே எடுத்தாளுகின்றனர். நமக்கு அதிலிருந்து வேண்டியது ஒன்றுதான்: நீரின் சூடு குறையக் குறைய ஊறும் வேகமும் குறையும். ஏற்காட்டின் தொல்லை இங்கேதான் தொடங்குகின்றது.

இருவகைக் கல்

மலைக்கு ஏறும் முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 'வேகாத பயறு' என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவை உண்மையில் இரண்டு. ஒன்று, நீரே குடிக்காதது. மற்றொன்று, நீரைக் குடித்தும் வேகாதது. நோய் வேறு, மருந்தும் வேறு.

முதல் வகையை உளுந்திலும் பச்சைப் பயறிலும் எளிதில் காணலாம். முளைகட்டிய பயறில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறுத்து, பளபளப்பு மாறாமல், கடித்தால் பல்லைப் பதம் பார்க்கும் மணிகள் இருக்குமே, அவைதாம். வேளாண் துறையினர் இதனைக் கடினவிதை என்பர். இது எவ்வாறு உண்டாகின்றது என்பதை நியூசிலாந்தின் ஹைட் என்ற ஆய்வாளர் 1954இல் விளக்கினார். தீவனப் பயறு வகைகளை ஆராய்ந்த அவர், விதைத்தழும்பில் உள்ள நீண்ட பிளவு ஒரு வழிக் கதவாக வேலை செய்வதைக் கண்டார். சுற்றியுள்ள காற்று வறண்டிருக்கும்போது பிளவு திறக்கின்றது. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாய் வெளியேறுகின்றது. காற்றில் ஈரம் மிகுந்தால் பிளவு மூடிக்கொள்கின்றது. வெளி ஈரம் உள்ளே வர இயலாது. ஆகவே வெயிலும் பனியும் மாறி மாறி வரும் இடத்தில், ஒவ்வொரு வறண்ட பகலிலும் விதை சிறிது சிறிதாகக் காய்ந்துகொண்டே போகும், நனைவதேயில்லை. இறுதியில் உறையின் வேலி இறுகி வாயில்கள் அடைபட்டுப்போகும்.

இது விதையின் குறைபாடன்று. எல்லா விதைகளும் முதல் மழையிலேயே முளைத்துப் பின்னர் மழை பொய்த்தால் அத்தனையும் கருகிப்போகும். சில விதைகள் பிடிவாதமாகக் காத்திருந்தால் அடுத்த மழைக்கு, அடுத்த ஆண்டுக்கு வம்சம் மிஞ்சும். காட்டுப் பயறுகளில் இவ்வியல்பு மிகுதி. மனிதர் வீட்டுக்குக் கொண்டுவந்து தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த பயறுகளில் குறைந்துவிட்டது. ஆனால் முற்றிலும் மறைந்துவிடவில்லை. இந்த மணிகளுக்கு எத்தனை மணி நேரம் ஊறவைத்தாலும் பயனில்லை. ஊறிய பின் பெரியவற்றின் நடுவே சிறுத்துக் கிடப்பவற்றைப் பொறுக்கி எடுத்துவிடுவதே வழி. விதைக்காகவெனில், மணலோடு சேர்த்துத் தேய்த்து உறையைக் கீறிவிட்டால் நீர் புகுந்துவிடும்.

இரண்டாம் வகை கிடங்கில் பிறக்கின்றது. பயறை வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் பல மாதங்கள் வைத்திருந்தால், செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பெக்டின் என்னும் பசை, சுண்ணாம்புச் சத்தோடு இறுகப் பிணைந்துகொள்கின்றது. இத்தகைய பயறு ஒழுங்காக ஊறும், பருக்கும், பார்வைக்குக் குறையொன்றும் தெரியாது. அடுப்பில் ஏற்றிய பின்தான் குட்டு வெளிப்படும். கொதிக்கும் நீரில் அந்தப் பசை கரைந்தால்தானே செல்கள் பிரிந்து பருப்பு மசியும்? பசை கரையாது, பருப்பும் மசியாது. சமவெளியின் கோடை வெப்பத்தில் ஒரு கிடங்கிலும், அடைமழைக்கால ஈரத்தில் மற்றொரு கிடங்கிலும் கிடந்து, மலைக்கடைக்கு வந்து சேர்ந்த பழைய மொச்சையை மருமகள் வேகவைக்க முயல்கின்றாள். பாவம், அவள் என்ன செய்வாள்?

இங்கு மலைக்கு ஒரு நற்பெயரும் உண்டு. இறுக்கம் ஏறுவதற்கு வெப்பம் வேண்டும். ஆதலால் புதிதாய் அறுவடையான பயறை நன்கு காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஏற்காட்டில் வைத்திருந்தால், சேலத்தில் இருப்பதைவிட நெடுநாள் மென்மை கெடாது. ஆனால் மூடாமல் வைத்தால் மூடுபனியின் ஈரம் பூஞ்சணத்தை அழைத்து வந்துவிடும். நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து தை மாதத்தில் புதுக்கொட்டை கிடைக்குமானால், விலை சற்றுக் கூடுதலானாலும் அதையே வாங்குவது இலாபம். மிச்சமாகும் எரிபொருள் அந்த வேறுபாட்டை ஈடுகட்டிவிடும்.

மலையின் இரு தடைகள்

மார்கழி இரவுகளில் ஏற்காட்டுச் சமையலறைத் தண்ணீர் பனிக்கட்டிக்குத் தம்பிபோல இருக்கும். சேலத்தில் எட்டு மணி நேரத்தில் ஊறும் கொண்டைக்கடலைக்கு இங்கு அந்நேரம் போதாது. பொழுது விடிந்தும் நடுப்பருப்பு வறண்டே இருக்கும். ஊறியதா என்று அறிய ஒரு கொட்டையை இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவில் வெளிறிய, கெட்டியான திட்டு தெரிந்தால் இன்னும் நீர் அங்கே எட்டவில்லை. இது முதல் தடை.

இரண்டாவது அடுப்பின் மேல். உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகின்றது. அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். முந்நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி என்பது தோராயக் கணக்கு. சேலத்தில் 99 டிகிரியில் கொதிக்கும் நீர், ஏற்காட்டில் 95 டிகிரியில் கொதிக்கின்றது. நான்கு டிகிரிதானே என்று அலட்சியம் செய்யலாகாது. பயறு மென்மையாகும் நேரம் கணிசமாக நீண்டுவிடும். இன்னொன்று: திறந்த பாத்திரத்தில் தீயை எவ்வளவு கூட்டினாலும் நீர் 95க்கு மேல் ஏறப்போவதில்லை. தளதளவென்று பொங்கும், ஆவி பறக்கும், சிலிண்டர் காலியாகும். பயறு விரைந்து வேகாது. கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடி வைப்பதே அறிவுடைமை.

பிரஷர் குக்கர் இத்தடையைப் பெருமளவு உடைத்துவிடுகின்றது. குக்கருக்குள் சூடு சமவெளியில் 120 டிகிரி அளவும், ஏற்காட்டில் அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாகவும் இருக்கும். கூடுதலாக இரண்டு விசில் வைத்தால் ஈடாகிவிடும். என் கருத்தில், மலைவீட்டுக்குச் சீர்வரிசை கொடுப்பவர்கள் வேறெதைக் குறைத்தாலும் நல்ல குக்கர் ஒன்றைக் குறைக்கக் கூடாது.

தண்ணீரின் தன்மையிலும் மேலுக்கும் கீழுக்கும் வேறுபாடு உண்டு. மலையடிவாரத்தில் மேக்னசைட் என்னும் வெள்ளைக்கல் வெட்டியெடுக்கப்படும் குன்றுகள் இருக்கின்றன. அத்தகைய நிலத்துக் கிணற்று நீரில் மக்னீசியமும் சுண்ணாம்பும் கலந்து நீர் கடினமாக இருப்பது இயல்பு. இவை முன்சொன்ன பசையை மேலும் இறுக்கிவிடும். மலைமேல் மழைநீரும் ஊற்றுநீரும் பொதுவாக மென்னீர். ஆக, மலை ஒரு கையால் பறித்ததில் சிறிதை மறு கையால் திருப்பித் தருகின்றது.

சகோதரிகள் செய்யத் தக்கது கடினமானதன்று. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். கை பொறுக்கும் சூட்டுக்கும் சற்று மேலான வெந்நீரை ஊற்றி, மூடி, அடுப்பின் அருகே கதகதப்பான இடத்தில் வையுங்கள். அவசரமெனில், கழுவிய பயறை இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, இறக்கி, மூடி ஒரு மணி நேரம் வைத்தால் ஓரிரவு ஊறலுக்கு ஏறக்குறைய நிகராகும். ஊறவைக்கும் நீரில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு சேர்ப்பது நன்று. உப்பிட்டால் பயறு வேகாது என்ற பழைய நம்பிக்கைக்கு மாறாக, உப்பிலுள்ள சோடியம் தோலிலுள்ள சுண்ணாம்பைச் சிறிது அகற்றித் தோலை மென்மையாக்குகின்றது. சமையல் சோடா இன்னும் விரைவாக வேலை செய்யும். ஆனால் வைட்டமின் பி1 அழிவதோடு சுவையும் கெடும். பழைய மொச்சையிடம் தோற்றுப்போகும் நிலையில் மட்டும் ஒரு சிட்டிகை.

ஊறிய நீரை என்ன செய்வது? கொண்டைக்கடலை, மொச்சை, ராஜ்மா ஆகியவற்றின் ஊறல் நீரைக் கொட்டிவிடுவதே நல்லது. வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சிலவகைச் சர்க்கரைகளை நம் குடல் செரிக்க இயலாது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைப்பதால்தான் உப்புசம். அவற்றில் ஒரு பகுதி ஊறல் நீரில் இறங்கிவிடும். சத்தும் சிறிது போகும் என்பது உண்மை. நாள் முழுதும் வெறும் வயிறாக இருந்தவர்களுக்கு வாயுத் தொல்லையைக் குறைப்பதே முதன்மை.

ராஜ்மாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இதில் விளையாட்டுக் கூடாது. சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. அரைவேக்காட்டில் நான்கைந்து கொட்டைகள் உண்டாலே சில மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படக் கூடும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, புதுநீரில் அரைமணி நேரம் நன்கு கொதிக்கவிட வேண்டும். 80 டிகிரி அளவிலான இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்தால் நஞ்சு நீங்காது. ஏற்காட்டில் கொதிநிலையே தாழ்ந்திருப்பதால், அங்கு ராஜ்மாவைக் குக்கரில் மட்டுமே வேகவைக்கச் சொல்வேன்.

முளைகட்டுவோருக்கும் ஒரு சொல். போலக், டூல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் லைமா பீன்ஸைக் கொண்டு செய்த சோதனைகளை 1966இல் வெளியிட்டனர். காய்ந்த விதை முதன்முதலாக நீரைக் குடிக்கும் அந்தச் சில மணி நேரத்தில் குளிர் தாக்கினால், உள்ளிருக்கும் முளைக்கரு சேதமடைகின்றது. பின்னர் எவ்வளவு கதகதப்பில் வைத்தாலும் முழு வளர்ச்சி வருவதில்லை. மலையில் பச்சைப் பயறு சரியாக முளைக்கவில்லை என்போர், பயறைப் பழிக்கும் முன் முதல் நீரை வெதுவெதுப்பாக ஊற்றிப் பார்க்கட்டும்.

நோன்பு நாட்களில், சுண்டலுக்கான கடலையைத் தராவீஹ் முடிந்து வந்ததும் வெந்நீரில் போட்டு, ஸஹருக்கு எழும்போது நீரை மாற்றி, லுஹருக்குப் பின் குக்கரில் ஏற்றினால் மாலையில் பதற்றம் இராது. நெய்ச்சோற்றுக்குத் தால்ச்சா வைப்போர், புளியையும் தக்காளியையும் பருப்பு முற்றிலும் மசிந்த பின்னரே சேர்க்க வேண்டும். புளிப்பு அந்தப் பசையைக் கரையவிடாது. முதலிலேயே புளியை ஊற்றிவிட்டால் இறைச்சி வெந்து எலும்பை விட்டுக் கழன்றாலும் பருப்பு மட்டும் முழுதாக மிதந்துகொண்டிருக்கும்.